மணிக்கட்டுக் கட்டியும் ஒரு கேள்வியும்

இளைய வைத்தியர்களான உங்கள் பயிற்சி நாளில் மணிக்கட்டுக் கட்டிகளைப் பற்றி ஒரு மணி நேரம் பேசும்படி என்னைக் கேட்டிருந்தீர்கள். ஓய்வுபெற்ற சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவரை அழைத்துக் கௌரவிக்க ஏற்ற, வம்பில்லாத தலைப்பு. நானும் ஒப்புக்கொண்டேன். பேராதனை வீட்டில் இருந்து பழைய படங்களைத் தேடி எடுத்து ஒழுங்குபடுத்தினேன். ஒரு படத்தின் கீழே 'திரும்பி வந்த கட்டி' என்று எழுதினேன். அதற்குப் பிறகு அடுத்த படத்துக்குப் போக முடியவில்லை. அது திரும்பி வந்த கட்டி அல்ல. எனக்கு அது தெரியும். தெரிந்துகொண்டே அதையே உங்களுக்கும் கற்பிக்கப் போனேன். ஆகவே உரைக்கு வரமாட்டேன் என்று அறிவித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

கட்டியைப் பற்றி நீங்கள் அறியாத எதுவும் என்னிடம் இல்லை. மூட்டின் உறையிலிருந்து மெல்லிய காம்பு பிடித்து வெளியே வரும் ஒரு சிறு பை. உள்ளே கண்ணாடிபோலத் தெளிந்த கூழ். புற்றுநோய் அல்ல, அப்படி மாறுவதும் இல்லை. பலருக்கு ஒன்றும் செய்யாமலே வற்றிவிடும். ஊசியால் உறிஞ்சினால் பலருக்கு மறுபடி நிரம்பும். வெட்டி எடுத்தாலும் சிலருக்கு வரும். முன்னொரு காலத்தில் தடித்த புத்தகத்தால் ஓங்கி அடித்து உடைத்தார்கள். அடித்தவருக்கு அதில் ஒரு திருப்தி இருந்திருக்க வேண்டும்.

பெரும்பாலும் இது புறங்கைப் பக்கம் வரும். அங்கே வந்தால் நமக்குக் கவலை குறைவு. உள்ளங்கைப் பக்கம், பெருவிரலுக்குக் கீழே, நாடி பிடித்துப் பார்க்கும் இடத்தில் வந்தால்தான் சிக்கல். அங்கே கட்டியும் நாடிக் குழாயும் ஒட்டிக்கொண்டு கிடக்கும். செல்வராணியின் கட்டி அங்கேதான் இருந்தது. பெயரை மாற்றியிருக்கிறேன்.

அவருக்கு நாற்பது வயது இருக்கும். அம்பிட்டியவில் மேட்டில் ஒரு வீடு. விடியுமுன் எழுந்து மூன்று சாப்பாட்டுக் கடைகளுக்கு இடியப்பம் பிழிந்து கொடுப்பார். கணவர் சிவக்குமார் ஹயருக்கு, அதாவது வாடகைக்கு, முச்சக்கர வண்டி ஓட்டுகிறார். அவரே கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார். கட்டி வலது மணிக்கட்டில். ஒரு நாட்டு நெல்லிக்காய் அளவு. இருவரும் என் கிளினிக்குக்கு வந்தார்கள்.

"ஒரு தட்டுக்கு ரெண்டு அமுக்கு, டொக்டர்," என்றார் செல்வராணி. "மொத அமுக்கு பரவாயில்ல. ரெண்டாவது அமுக்குல உசுரு போகுது."

"இவ கை நின்னா மூணு கடை நிக்கும் டொக்டர். அப்புறம் கண்டியே என்னையத் தேடி வந்து அடிக்கும்," என்றார் கணவர். பின்னால் வரிசையில் இருந்தவர்களும் சிரித்தார்கள்.

விளக்கை அணைத்துச் சிறு டோர்ச்சைப் பிடித்துப் பார்த்தேன். கட்டி உள்ளுக்குள் விளக்கு வைத்ததுபோல் ஒளிர்ந்தது. சந்தேகமே இல்லை. மணிக்கட்டுக்குப் பட்டி போட்டு ஓய்வு கொடுங்கள், சில மாதம் விட்டுப் பார்க்கலாம் என்றேன்.

"விட்டுப் பாக்கலாம் டொக்டர். ஆனா கடைக்காரன் என்னைய விட்டுருவானே."

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்போடு என் தீர்மானமும் இளகியது. வெளியே வாங்குகளில் உட்கார்ந்து நாற்பது பேர் காத்திருந்தார்கள். உறிஞ்சிவிட்டால் இரண்டு நிமிடத்தில் முடியும், அந்த அம்மாவும் மகிழ்ச்சியாகப் போவார். நாடிக்கு மேலே இருக்கும் கட்டியில் கண்ணை மூடிக்கொண்டு ஊசி ஏற்றக்கூடாது என்று நான் உங்களில் பலருக்கு வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அந்த விதி என் கைக்குப் பொருந்தாது என்று நினைத்தேன்.

முதலில் கூழ் வந்தது. அதற்குப் பின்னால் ஒரு நூல் அளவுக்குப் பளிச்சென்ற சிவப்பு வந்தது. இதயத்துக்குத் திரும்பும் நாளத்தின் கருஞ்சிவப்பு வேறு, இதயத்திலிருந்து வரும் நாடியின் சிவப்பு வேறு. எனக்கு அந்த வேறுபாடு தெரியாமல் இல்லை. ஊசியை எடுத்துப் பஞ்சை வைத்து அழுத்தினேன். எவ்வளவு நேரம்? அடுத்த நோயாளியின் கொப்பியில் இரண்டு வரி எழுதும் நேரம். விதிப்படி பத்து நிமிடம் அழுத்தியிருக்க வேண்டும். பிறகு கட்டுப் போட்டு அனுப்பினேன். செல்வராணியின் கொப்பியில் 'தெளிந்த கூழ் உறிஞ்சப்பட்டது' என்று எழுதினேன். சிவப்பை எழுதவில்லை.

அன்று மாலை வீட்டுக்குப் போகும்போது என் மணிக்கட்டை நானே பிடித்துப் பார்த்துக்கொண்டேன். அடுத்த நாளும் பார்த்தேன். ஒன்றும் ஆகாது, சிறு துளைதான், தானாக அடைத்துக்கொள்ளும் என்று எனக்கே சொன்னேன். ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்து, இரண்டு நாளில் வந்து காட்டிவிட்டுப் போங்கள் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். அதனால் எடுக்கவில்லை.

மூன்று வாரம் கழித்துச் செல்வராணி தாமாகவே வந்தார். கட்டி முன்னைவிடப் பெரிதாக, இறுக்கமாக, மேலே தோல் மினுங்க இருந்தது.

"விண்ணு விண்ணுன்னு தெறிக்குது டொக்டர். படுத்தா காதுலயே கேக்குற மாதிரி இருக்கு."

நோயாளி வாயால் இதற்கு மேல் தெளிவாகச் சொல்ல முடியாது. தெறிக்கிறது என்றார், கேட்கிறது என்றார். ஸ்டெதஸ்கோப் என் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. கட்டியின் மேல் அதை வைத்திருந்தால் இரத்தம் சுழித்து ஓடும் ஒலி எனக்கும் கேட்டிருக்கும். துளைபட்ட நாடியிலிருந்து கசிந்த இரத்தம் தனக்கென்று ஒரு பையைக் கட்டிக்கொண்டு அங்கே துடித்துக்கொண்டிருந்தது. நான் வைக்கவில்லை. ஸ்கேன் படிவத்தை எடுத்தேன். அதில் 'முன்னர் செய்த சிகிச்சை' என்று ஒரு கட்டம் இருக்கிறது. உண்மையை எழுதினால் சிவப்பையும் எழுத வேண்டும். படிவத்தை மேசை இலாச்சிக்குள் திரும்ப வைத்தேன்.

இந்த இடத்தில்தான் அந்தக் கேள்வியைக் கேட்டேன்.

"பாரம் ஏதும் தூக்கினீங்களோ?"

சமையல் வாயு கிடைக்காமல் ஊரே விறகுக்கு மாறியிருந்த மாதங்கள் அவை. மூன்று கடைக்கு இடியப்பம் அவிப்பவர் விறகு தூக்காமல் எப்படி இருப்பார்? கேட்கும்போதே பதில் எனக்குத் தெரியும்.

"ஆமாங்க டொக்டர். கீழ ரோட்டுல இருந்து வெறகு தூக்கிட்டு வந்தேன்."

"சொன்னேன்ல?" என்றார் சிவக்குமார். "கை ஆறட்டும், நான் ஹயர் முடிச்சிட்டு வந்து தூக்குறேன்னு சொன்னேன் டொக்டர். கேட்டாளா?"

"நீங்க ஹயர் முடிச்சு வர்றதுக்குள்ள கடை மூடிரும்."

"இப்ப என்ன, தெறந்தா கெடக்கு?"

அவர்களை அப்படியே வாதாட விட்டேன். இவை பெரும்பாலும் திரும்பி வரும், வெட்டி எடுத்துவிடலாம் என்று மட்டும் சொல்லி, அடுத்த வாரச் சிறு சத்திரசிகிச்சைப் பட்டியலில் பெயரைச் சேர்த்தேன். அந்த ஒரு வாரமும் எனக்குச் சரியான தூக்கமில்லை. ஆனாலும் பட்டியலை மாற்றவில்லை. கட்டிதான், கட்டியாகவே இருக்க வேண்டும் என்று விரும்பினேன். அந்த விருப்பத்தையே நோய் நிர்ணயமாக எடுத்துக்கொண்டேன்.

சத்திரசிகிச்சை நாளில் கையைக் கழுவித் தயார்செய்தவர் கெலிஓயாவைச் சேர்ந்த ஒரு தாதி. இருபது வருடம் என்னோடு வேலை செய்தவர். பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

"சேர், இது துடிக்குது போல ஈக்கே."

"நாடிக்கு மேல இருக்கிற கட்டி துடிக்காமல் பாட்டோ பாடும், மிஸ்?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தொடர்ந்து துடைத்தார். பக்கத்து நாடியால் மேலும் கீழும் அசையும் கட்டிக்கும், எல்லாத் திசையிலும் விரிந்து சுருங்கும் கட்டிக்கும் உள்ள வித்தியாசத்தை இரண்டு விரல் வைத்து அறியலாம். அரை நிமிட வேலை. என் நகைச்சுவைக்கும் அதே அளவு நேரம்தான் எடுத்தது.

கை மரத்துப்போக ஊசி போட்டு, மேற்கையில் காற்றுப் பட்டியை ஊதி இரத்த ஓட்டத்தை நிறுத்தினோம். துடிப்பும் நின்றது. எனக்குச் சற்று நிம்மதியாகக்கூட இருந்தது. தோலைத் திறந்தபோது உள்ளே இருந்தது முத்துப்போன்ற வெண்மை அல்ல. ஊதா. அங்கேயாவது நிறுத்தியிருக்க வேண்டும். கட்டிக்குள் பழைய இரத்தம் கசிந்திருக்கும் என்று நினைத்து மேலும் ஒரு கீறல் போட்டேன். உறைந்த இரத்தம் வெளியே வந்தது. அதன் அடியில் நாடியின் சுவரில் இருந்த துளையை என் கண்ணாலேயே பார்த்தேன். ஊசி போன வழி.

செல்வராணி விழித்தேதான் இருந்தார். "டொக்டர், மேல கட்டுன பட்டி தாங்க முடியல. கை வெடிச்சிரும் போல இருக்கு."

பட்டியைத் தளர்த்தினால் இரத்தம் பீறிடும். தளர்த்தாவிட்டால் அவர் கையை இழுத்துவிடுவார். துளையின் மேல் என் சுட்டுவிரலை வைத்து அழுத்திக்கொண்டு, தளர்த்தச் சொன்னேன். அப்படியிருந்தும் விளக்குவரை தெறித்தது. விரலை இறுக்கினேன். நின்றது.

இப்படியான நேரத்தில் கை தானாகவே கவ்விகளைத் தேடும். குருதிக் குளத்துக்குள் கண் தெரியாமல் கவ்வினால் பக்கத்து நரம்பையும் சேர்த்து நசுக்குவோம். அன்று நான் சரியாகச் செய்த ஒரே காரியம், விரலை எடுக்காமல் இருந்ததுதான். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் இரத்தக்குழாய்ச் சத்திரசிகிச்சை செய்யும் என் வகுப்புத் தோழனுக்குத் தொலைபேசி எடுக்கும்படி தாதியிடம் சொன்னேன். அவர் அதை என் காதில் பிடித்தார்.

"உன்ரை விரல் எங்கை?" என்றான் அவன்.

"துளைக்கு மேல."

"எடுக்காதை. கட்டினால் கை தாங்குமோ எண்டு முதலே சோதிச்சனியோ?"

கைக்கு இரண்டு நாடிகள் இருக்கின்றன. ஒன்றை மூடினால் மற்றது கையைக் காப்பாற்றுமா என்று முன்கூட்டியே பார்க்க ஒரு நிமிடம் போதும்.

"இல்லை," என்றேன்.

"சரி. இப்ப நீ விரலால அந்த நாடியை மூடித்தானே வைச்சிருக்கிறாய்? அதுதான் சோதனை. பெருவிரலைப் பார். சிவந்தால் கட்டு. சிவக்கேல்லையெண்டால் அப்படியே அமத்திக்கொண்டு அம்புலன்ஸில ஏறி இஞ்ச வா."

"மிஸ், விரல்களைப் பாருங்கோ."

"வெள்ளையாத்தான் ஈக்கு சேர்."

"பாத்துக்கொண்டே இருங்கோ."

துணிக்கு அப்பால் இருந்து செல்வராணியின் குரல் வந்தது. "டொக்டர், கை போயிருமா?"

"போகாதம்மா." எனக்குத் தெரியாது.

"சின்னவிரல் செவக்குது சேர். அடுத்ததும்."

"பெருவிரல்?"

"இன்னும் இல்ல."

என் விரல் மரத்துக்கொண்டு வந்தது. மாற்றினால் மீண்டும் பீறிடும். அறையில் எல்லோரும் ஒரு பெருவிரலின் நகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அந்த நகத்தில் இடியப்ப மா ஒட்டிக் காய்ந்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன். காலையில் வேலையை முடித்துவிட்டு வந்திருக்கிறார்.

"வெறகு தூக்குனதாலதானே டொக்டர் நரம்பு அறுந்துச்சு?" என்றார் செல்வராணி மெதுவாக.

"கதைக்காமல் இருங்கோ அம்மா," என்றேன்.

எவ்வளவு நேரம் ஆனதென்று நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. "அல்லாஹ்வே, செவக்குது சேர்," என்றார் தாதி. வெளிர் நிறம்தான், ஆனாலும் சிவப்பு. நாடியின் இரண்டு முனைகளையும் கட்டி, பையை எடுத்து, காயத்தை மூடினேன். கை தப்பியது.

மறுநாள் வாட்டில் சிவக்குமார் கட்டில் அருகே நின்றார். பை நிறைய வெண்ணெய்ப்பழம் கொண்டுவந்திருந்தார், எனக்குக் கொடுக்க.

"கையைக் காப்பாத்திக் குடுத்துட்டீங்க டொக்டர். ஒன்னு கேக்கணும். இவ வெறகு தூக்குனதாலதானே இப்படி ஆச்சு?"

இல்லை என்று சொல்ல அதைவிட நல்ல தருணம் அமைந்திருக்காது. செல்வராணி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்படியும் இருக்கலாம்," என்றேன்.

வெண்ணெய்ப்பழத்தையும் வாங்கிக்கொண்டேன்.

சத்திரசிகிச்சைக் குறிப்பில் 'திரும்பி வந்த கட்டி, உள்ளே இரத்தக் கசிவு' என்று எழுதினேன். தாதி அதை வாசித்துவிட்டுக் கோப்பை மூடினார். ஊசியின் கதை அவருக்குத் தெரியாது. நான் ஏதோ ஒன்றைச் சொல்லவில்லை என்பது தெரிந்திருக்கும்.

நான் ஓய்வுபெறும்வரை செல்வராணி கிளினிக்குக்கு வந்தார். காலைக் குளிரில் பெருவிரல் வெளுத்து மரத்துவிடுகிறது, இடியப்ப உரலை அமுக்கப் பலம் இல்லை என்பார். உரலைக் கணவர் ஏற்றுக்கொண்டார். மனைவி மா பிசைவார், கணவர் பிழிவார், பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு ஹயருக்குப் போவார். ஒவ்வொரு தடவையும் இருவரும் விறகைப் பற்றிக் கதைத்தார்கள். "மகாராணி ஒரு கட்டு வெறகு தூக்குனாங்க, நான் ஆயுசுக்கும் உரல் தூக்குறேன்," என்பார் கணவர். செல்வராணி சிரிப்பார். முதல் வருடம் சிரித்ததுபோலக் கடைசி வருடம் சிரிக்கவில்லை. "என் தப்புத்தாங்க டொக்டர். நீங்க அன்னைக்கே கேட்டீங்க," என்று ஒருமுறை சொன்னார். நான் மருந்துச் சீட்டின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன்.

இளைய வைத்தியர்களே, ஊசி தவறுவது உங்களுக்கும் நடக்கும். தவறிய அன்றே சொல்லிவிட்டால் அது ஒரு நாடியின் துளையாக நின்றுவிடும். நான் சொல்லாமல் விட்டதில் அது ஒரு வீட்டுக்குள் போய்க் குடியிருந்தது. காரணம் நமக்குத் தெரிந்திருக்கும்போது நோயாளியிடம் காரணம் கேட்காதீர்கள். வெள்ளைச் சட்டை போட்டவர் கேட்டால், அவர்கள் தங்களுக்குள் தேடி ஏதாவது ஒரு குற்றத்தை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். நமக்கு அது வசதியாகவும் இருக்கும்.

அந்தப் படத்தின் கீழே நான் எழுதியதை அழித்த மறுநாள் அம்பிட்டியவுக்குப் போனேன். கீழே வீதியோரம் சிவக்குமார் குழாய்த் தண்ணீரில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். வணங்கினார். செல்வராணியைப் பார்க்க வேண்டும் என்றேன். நான் போகும் வழியில் நலம் விசாரிக்க வந்திருப்பதாக நினைத்து, மேலே போகச் சொன்னார். படிகளில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினேன். வயது மட்டும் காரணம் அல்ல.

செல்வராணி கதிரை போட்டார். தேநீர் வேண்டாம் என்றேன். நின்றுகொண்டே சொன்னேன். ஊசி, சிவப்பு, இலாச்சிக்குள் போன படிவம், வாட்டில் சொன்ன பொய். முறைப்பாடு செய்ய விரும்பினால் இதையெல்லாம் எழுதிக் கையெழுத்து வைத்துத் தருவதாகவும் சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

"அப்ப, நான் வெறகு தூக்குனதால இல்லையா?"

"இல்லை அம்மா. நீங்கள் அசையாமல் படுத்திருந்தாலும் அது வந்திருக்கும்."

அவர் அழவில்லை, கோபிக்கவும் இல்லை. படியோரம் போய்க் கீழே பார்த்துக் கத்தினார். "ஏங்க! பைப்ப மூடிட்டு மேல வாங்க!" பிறகு உள்ளே இருந்த மாமியாரை நோக்கித் திரும்பி, "அத்தே, நீங்களும் இங்க வாங்க."

கணவர் ஈரக் கையோடு வந்தார். மாமியார் அடுப்படியிலிருந்து வந்து கதவருகே நின்றார்.

"எங்கிட்ட சொன்னத அப்படியே இவங்ககிட்ட சொல்லுங்க டொக்டர்."

சொன்னேன். மாமியார் கையெடுத்துக் கும்பிட்டார்.

"டொக்டர் ஐயாவுக்குப் பெரிய மனசு. இவ மனசு நோகக் கூடாதுன்னு பழிய தன் தலையில போட்டுக்கிறாரு."

"அதான்," என்றார் சிவக்குமார். "விடுங்க டொக்டர். நாங்க இப்பல்லாம் அதப் பேசுறதே இல்ல."

"பேசுறதில்லையா?" என்றார் செல்வராணி. "இன்னைக்கு மாவு பெசையும்போது பேசுனது யாரு, பக்கத்து வீட்டுக்காரரா?"

நான் இதற்கு ஆயத்தமாக வரவில்லை. திட்டுவார்கள், துரத்துவார்கள் என்றெல்லாம் எண்ணிப் பயந்திருந்தேன். உண்மையைச் சொல்லியும் நல்லவனாகவே தப்பிவிடுவேன் என்று எண்ணவில்லை. செல்வராணி என்னையே பார்த்தார். வாட்டில் பார்த்த அதே பார்வை.

"இல்லை தம்பி," என்றேன் சிவக்குமாரிடம். "இரக்கத்தில சொல்லேல்லை. ஊசிக்குள்ள நாடி இரத்தம் வந்ததை நான் என்ரை கண்ணால பாத்தனான். பாத்தும் கொப்பியில எழுதேல்லை. நீங்கள் திரும்பி வந்த அண்டைக்குக் காதை வைச்சுக் கேட்டிருந்தால் பிடிபட்டிருக்கும். பிடிபடக்கூடாது எண்டுதான் வைக்கேல்லை."

சிவக்குமாரின் முகத்திலிருந்த மரியாதை மெல்ல வடிந்தது. எனக்கு அது தேவையாக இருந்தது.

"அப்ப நான் கேட்டப்ப, 'அப்படியும் இருக்கலாம்'னு ஏன் சொன்னீங்க?"

அந்தச் சொற்களை அவர் அப்படியே வைத்திருந்தார்.

"பயத்தில."

"எங்களுக்கா பயந்தீங்க?"

"உங்களுக்கில்லை. என்ரை பேருக்கு."

அவர் அதற்குப் பிறகு என்னைப் பார்க்கவில்லை. மனைவியைப் பார்த்தார். ஈரக் கையை இடுப்புச் சாரத்தில் மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டார். செல்வராணி அவருக்கு உதவவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"இன்னொரு தடவ சொல்லுங்க டொக்டர். கொஞ்சம் சத்தமா. அத்தைக்குக் காது சரியா கேக்காது."

மாமியாருக்குக் காது நன்றாகவே கேட்டது. பக்கத்து வீட்டு யன்னல் திறந்திருந்தது. நான் அந்தப் பக்கமாகத் திரும்பி நின்று, முதலிலிருந்து மறுபடியும் சொன்னேன்.